தையல் போட்ட காலும் திஞ்சான் தண்ணீரும்

யாங்கோன் தாக்கேத்தாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “வீட்டுக்காரருக்குக் கெண்டைக்காலில் இருந்த கொழுப்புக் கட்டியை ஏப்ரல் 6-ம் தேதி எடுத்து ஏழு தையல் போட்டார்கள். மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசு, முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்கிறார் மாமியார். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா வேறு நெருங்குகிறது. என்ன செய்வது டாக்டர்?”

முதலில் மஞ்சள். அதற்குக் கிருமியைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு, மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சமையலறை டப்பாவில் இருப்பது கிருமி நீக்கிய தூள் அல்ல. அதைவிடப் பெரிய தொல்லை, பூசிவிட்டால் தோல் சிவந்திருக்கிறதா என்றே தெரியாது. தனக்கா மரப்பட்டையும் அப்படித்தான். கல்லில் தண்ணீர் விட்டு உரைத்த விழுது கன்னத்தோடு நிற்கட்டும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புதிதாக வளரும் திசுவையே கெடுக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒன்றரை டீஸ்பூன் உப்பு கரைத்து ஆறவிடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு கட்டைப் பிரியுங்கள். துணி ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். அந்த உப்புத் தண்ணீரை விட்டு ஊறவைத்தால் தானாக விடும். தையல் மேல் தண்ணீரை மெல்ல ஊற்றி, சுத்தமான காஸ் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பொருக்கைக் கிள்ளாதீர்கள். புதுக் காஸ் வைத்துக் கட்டினால் போதும். கைலியின் ஓரம் உரசாமல் இருக்கவும் அந்தக் கட்டு உதவும். உட்காரும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தால் வீக்கம் வடியும்.

தையலை ஒட்டி மெல்லிய இளஞ்சிவப்புக் கோடும் துளித் தெளிந்த நீரும் இருந்தால் பயமில்லை. சந்தேகமாக இருந்தால் சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், சீழோ நாற்றமோ காய்ச்சலோ இருந்தால், குறைய வேண்டிய வலி கூடினால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ரத்தம் கசிந்தால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

முட்டை, மீன், பருப்பு தாராளமாகக் கொடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். நிறுத்த வேண்டியது புகையிலை வைத்த வெற்றிலைச் சுருளான குன்யாதான். அந்தப் புகையிலையின் நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், புண் ஆறுவது தள்ளிப்போகும். சர்க்கரை வியாதி இருந்தால் மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

சரி, திஞ்சான். இரண்டு நாள் தாண்டிவிட்டதால், அவருடைய டாக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சொம்பால் ஊற்றிச் சீக்கிரம் குளித்துத் துடைத்துக்கொள்ளலாம். தெருவில் இறைக்கும் தண்ணீர் வேறு. பீப்பாயில் நாள்கணக்கில் கிடந்ததோ, குளத்திலிருந்து குழாய் போட்டு எடுத்ததோ, யாருக்குத் தெரியும்? நனைந்த கட்டோடு மாலைவரை சுற்றினால் புண் ஊறிப்போகும். இந்த வருஷம் அவர் வராந்தாவிலேயே உட்காரட்டும். அப்படியும் பிள்ளைகள் நனைத்துவிட்டால், உடனே கட்டை மாற்றுங்கள்.

காலில் தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாள் ஆகும். உங்கள் கணக்குக்கு ஏப்ரல் 16 முதல் 20 வரை. அந்த வாரம் பல கிளினிக்குகள் பூட்டியிருக்கும். பர்மியப் புத்தாண்டும் 17-ம் தேதி வாக்கில் வருகிறது. ஆகவே பிரிக்கும் நாளை இப்போதே கேட்டு வையுங்கள்; விடுமுறையில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்றும் கேளுங்கள். காஸும் பிளாஸ்திரியும் முன்கூட்டியே வாங்குங்கள். பிரிப்பது ஓரிரு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை, அவசரப்பட்டு வீட்டில் கத்தரிக்கோல் எடுக்க வேண்டாம். பிரித்த பிறகும் சில வாரம் மூட்டை தூக்குவதும் பந்து விளையாடுவதும் கூடாது.