ஓடுபவர்களின் கவட்டு நோ: கேள்வியும் பதிலும்

மாரி மழை விட்டு, குளக்கட்டுகள் காய்ந்து, பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிகளும் தொடங்கிவிட்டால் பிசியோதெரபிஸ்டுகளிடம் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. காலைத் தூக்கினால் இடுப்பு மடிப்பில் நோகிறது, ஓட முடியவில்லை என்று இந்த முறையும் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

வணக்கம் அண்ணா. கிளிநொச்சியில் வங்கியில் வேலை, வயது 34. காலையில் ஏ9 வீதியோரம் 5 கிலோமீற்றர் ஓடுவேன். இப்போது வலது கால் மடிப்பில் நோ. மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போடும்போதும் குத்துகிறது. எந்தத் தசை இது?

தொடையை மேலே தூக்கும் தசை ஒன்றல்ல. முக்கியமானது சோவாஸ். நாரி எலும்புகளின் பக்கத்தில் தொடங்கி, இடுப்புக்கூட்டுக்குள்ளால் இறங்கி, தொடையெலும்பின் மேல் உட்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. இலியாக்கஸ் என்ற தசையும் வழியில் அதோடு சேர்ந்துகொள்ளும். தொடையின் முன்பக்கம் இருக்கும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பையும் முழங்காலையும் இரண்டையுமே தாண்டிப் போவது.

கதிரையில் நிமிர்ந்து இருங்கள். முழங்காலைக் கொஞ்சம் தூக்குங்கள், கையால் தொடையைக் கீழே அழுத்துங்கள், கால் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதே இடத்தில் அதே நோ வந்தால் பெரும்பாலும் தசைதான். நின்றபடி குதிக்காலைப் பிட்டத்துக்கு இழுக்கும்போது தொடை முன்பக்கம் கூடுதலாக இழுத்தால் ரெக்டஸில் சந்தேகப்படலாம். ஆழத்தில், நாரியும் சேர்ந்து இறுகினால் சோவாஸ் பக்கம்.

இரண்டு கிழமை ஓடாமல் இருந்தேன், நோ முற்றாக நின்றது. சந்தோஷத்தில் ஓடினேன், இரண்டாம் நாளே திரும்ப வந்துவிட்டது. என்னதான் செய்வது? (மாங்குளத்திலிருந்து)

இதுதான் அதிகம் பேர் கேட்டது. ஓய்வு நோவைத்தான் நிறுத்தும், தசையைப் பலப்படுத்தாது. சும்மா இருந்த இரண்டு கிழமையில் அது இன்னும் கொஞ்சம் பலவீனமாகிவிட்டது, நீங்கள் பழைய தூரத்தையே அதன் தலையில் போட்டுவிட்டீர்கள்.

நோ கடுமையாக இருக்கும் முதல் சில நாட்கள் அசையாத பயிற்சி போதும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துத் தூக்கி, கையால் தொடையைத் தள்ளுங்கள். கையும் அசையக் கூடாது, காலும் அசையக் கூடாது. 30 செக்கன் பிடித்து விட்டு, 5 தடவை. பலமாகத் தள்ளத் தேவையில்லை, நோ தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிற அளவு காணும்.

அது சுகமாக வந்தபின் பழைய சைக்கிள் ரியூப் ஒன்று எடுங்கள். வால்வு இருக்கும் துண்டை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் ஒரு வளையம். கடையில் விற்கும் ரப்பர் பட்டிக்கு இது ஒன்றும் குறைந்ததல்ல, எங்கள் சைக்கிள் கடைகளில் சும்மாவே தருவார்கள். வளையத்தை இரண்டு பாதத்திலும் மாட்டி, சுவரைப் பிடித்து நின்று, நோகும் காலின் முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். தூக்குவதைவிட இறக்குவதில்தான் கவனம் வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக. கால் தூக்கும்போது நாரி பின்னுக்குச் சாய்ந்தால் ரியூப் இறுக்கம், வளையத்தைப் பெரிதாக்குங்கள். 8 முதல் 10 தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இதோடு, படுத்துக்கொண்டு முழங்கால்களை மடித்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியும் செய்யுங்கள். பிட்டத் தசை சோம்பினால் முன்தசைதான் அந்த வேலையையும் சுமக்கும்.

ஓட்டத்துக்குத் திரும்புவது அப்புறம். அரை மணித்தியாலம் வேகமாக நடந்து நோ இல்லையென்றால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. மறுநாள் ஓட வேண்டாம். நோவுக்குப் பத்துக்குப் புள்ளி போட்டால் மூன்று வரை இருந்தால் பயமில்லை, ஆனால் அடுத்த நாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது அது கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். வேகம் கடைசியில்தான். கடற்கரை மணலும் அப்படித்தான்: கால் புதையப் புதைய ஒவ்வொரு அடிக்கும் தொடையைக் கூடுதலாகத் தூக்க வேண்டும். முல்லைத்தீவுப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

இலேசான இழுவைக்கு இரண்டு மூன்று கிழமை, நார்கள் கிழிந்ததென்றால் ஒன்றிரண்டு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரெச் செய்தால் கெதியாக மாறும் என்கிறார்களே?

புதிதாகக் கிழிந்த தசையை இழுத்தால் இன்னும் கிழியும். முதல் கிழமை வேண்டாம். பிறகு ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, பிட்டத்தை இறுக்கி, இடுப்பை மட்டும் மெதுவாக முன்னே கொண்டுபோங்கள். நாரி வளைந்தால் பலன் இல்லை.

என் மகனுக்கு 14 வயது. மல்லாவியில் 100 மீற்றர் பயிற்சியில் தொடங்கும்போதே 'டக்' என்று சத்தம் கேட்டதாம், அப்படியே இருந்துவிட்டான். நொண்டி நொண்டித்தான் நடக்கிறான். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவலாமா?

உருவ வேண்டாம் ஐயா, முதலில் எக்ஸ்ரே. வளரும் வயதில் தசையைவிட அது ஒட்டியிருக்கும் எலும்பின் வளர்ச்சிப் பகுதிதான் பலவீனமானது. வேகமாக உதைக்கும்போது தசை கிழியாமல் எலும்பின் சிறு துண்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அநேகமானவை ஊன்றுகோலும் ஓய்வுமாகவே மாறிவிடும், ஆனால் படம் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கும் ஒன்று. 10 முதல் 16 வயதுக்குள் ஒரு பிள்ளை விழாமலே நொண்டினால், முழங்கால் நோகிறது என்று சொன்னாலும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். தொடையெலும்பின் தலை இடத்தை விட்டு வழுக்கும் நோய் ஒன்று உண்டு, அதன் நோ முழங்காலில் தெரியும். அதைத் தள்ளிப்போட முடியாது.

அண்ணா, மரதன் பயிற்சி செய்கிறேன், வயது 23. மெலிய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். கவட்டுக்குள் ஆழமாக நோ, இரவிலும் இருக்கிறது. ஒற்றைக் காலில் துள்ளினால் உயிர் போகிறது. மாதவிடாயும் சில மாதமாக இல்லை.

தங்கச்சி, இன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன நான்கையும் சேர்த்துப் பார்த்தால் தொடையெலும்பின் கழுத்தில் வெடிப்பு இருக்குமோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அது முற்றாக முறிந்தால் சத்திரசிகிச்சை வரை போகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் இருக்கலாம், ஆகவே 'எக்ஸ்ரே நல்லம்' என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்துவிடாமல், துள்ளினால் நோகிறது என்பதையும் மாதவிடாய் நின்றதையும் டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கான் தேவைப்படலாம். இரவுச் சாப்பாட்டை இன்றே தொடங்குங்கள். சோறும் வேண்டும், மீனோ முட்டையோ பருப்போ கூடவே வேண்டும். டொக்டர் பார்க்கும்வரை அந்தக் காலில் பாரத்தைக் குறைத்து நடங்கள்.

எனக்கும் எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். ஆனால் 2009இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் இடுப்பில் இருக்கிறது. (புதுக்குடியிருப்பு)

போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், மேசையில் படுத்த பிறகல்ல. அந்தக் காந்த இயந்திரம் இரும்புத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். எக்ஸ்ரேயில் துண்டு எங்கே இருக்கிறது, நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ பக்கமா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். சரிவராவிட்டால் சி.டி. ஸ்கான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பழைய கதை என்று மறைக்காதீர்கள். கண்ணில் சிறு உலோகத் துகள் பட்டிருந்தாலும் சொல்ல வேண்டும்.

டிக்ளோபெனக் ஒன்று போட்டுவிட்டு ஓடினால் நோ தெரிவதில்லை. தொடரலாமா? (செட்டிகுளம், கமக்காரர்)

வேண்டாம் அண்ணை. நோ தெரியாமல் ஓடினால் காயம் கூடும், அது ஒன்று. வெயிலில் வயல் வேலை செய்து, வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்புக்கு அந்தக் குளிசை சிறுநீரகத்தில் அடிக்கும், அது இரண்டாவது. காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தில் கமக்காரரைத்தான் அதிகம் பிடிக்கிறது. காய்ச்சலோடு உடம்பு நோ என்றால் டெங்குவாக இருக்கலாம், அப்போது இந்தக் குளிசை ஆபத்து. தாங்க முடியாவிட்டால் பனடோல், அதுவும் அளவோடு.

காலை மடக்கி நீட்டும்போது இடுப்பில் 'கிளிக்' சத்தம், நோ இல்லை.

நோ இல்லையென்றால் விடுங்கள். தசைநார் எலும்பின் மேல் உருண்டு போகும் சத்தம். பிடித்துக்கொண்டு கால் நின்றுவிட்டால் மட்டும் காட்டுங்கள்.

இருமினால் கவட்டில் சின்ன வீக்கம் தெரிகிறது. இதுவும் தசையா?

இல்லை, குடலிறக்கமாக இருக்கலாம். சத்திரசிகிச்சை டொக்டரிடம் காட்டுங்கள். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, நோவும் வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வரும் கதிர்காமப் பாதயாத்திரையோடு வற்றாப்பளையில் சேர நேர்த்தி வைத்திருக்கிறேன் அண்ணா. ஓடத்தான் நோகிறது, நடக்க நோ இல்லை. போகலாமா?

நடையில் நோ இல்லையென்றால் போகலாம், ஓட்டத்தில் படும் சுமை நடையில் இல்லை. ஆனால் நாள் முழுக்க நடப்பது வேறு விஷயம். போவதற்கு முன் சில கிழமைகள் தூரத்தைக் கூட்டிக் கூட்டி நடந்து பாருங்கள், பையையும் தோளில் போட்டுக்கொண்டு. அடியைக் குறுக்கி வையுங்கள். ரியூப்பையும் சுருட்டிப் பையில் போடுங்கள், அது பாரமில்லை.