உடையைத் திருப்பிப் பாருங்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: தாத்தா அணிந்த கோட்டை இன்று நான் அணிகிறேன். அது இன்னும் நன்றாக உழைக்கிறது. நான் வாங்கும் சட்டைகளோ ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. பழைய துணிதான் உண்மையில் உயர்ந்ததா? நல்ல உடையைக் கடையிலேயே எப்படி அடையாளம் காண்பது?

பதில்: நீங்கள் நினைப்பது பாதிதான் உண்மை. தாத்தா காலத்திலும் மட்டமான உடைகள் இருந்தன. அவை எப்போதோ கந்தலாகி மறைந்துவிட்டன. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் வைத்து அந்தக் காலம் முழுவதையும் எடை போடக்கூடாது.

ஆனால் அன்று துணிக்கு இருந்த மதிப்பே வேறு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூற்பு இயந்திரங்கள் வரும்வரை, ஒரே ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பேர் உட்கார்ந்து நூற்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் நிலத்தோடும் பாத்திரங்களோடும் மேலங்கியையும் உயிலில் எழுதி வைத்தார்கள். அத்தனை அரிய பொருளை அவசரமாகத் தைக்க யாருக்கும் மனம் வராது. தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டார்கள். உடல் பெருத்தால் பிரித்துவிடலாம், காலர் தேய்ந்தால் திருப்பித் தைக்கலாம். இன்று துணி மலிந்துவிட்டது. தையல் நேரத்தைக் குறைப்பதில்தான் தயாரிப்பாளர்களுக்கு லாபம்.

அதற்காக, மலிவான உடை என்றால் மட்டமாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூனில் பிரிட்டனில் உடைக்குப் பங்கீடு வந்தது. உடை வாங்கப் பணத்தோடு கூப்பனும் கொடுக்க வேண்டும்; முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். அரசே துணியின் தரத்தை வரையறுத்து, விலைக்கும் உச்சவரம்பு வைத்து, ‘சிசி41’ முத்திரையோடு உடைகளை விற்கச் செய்தது. வீண் மடிப்புகளையும் அலங்காரப் பொத்தான்களையும் குறைத்தார்கள். லண்டனின் முன்னணி வடிவமைப்பாளர்களே அந்தச் சிக்கன உடைகளுக்கு வடிவம் கொடுத்தார்கள். கேட்பவர் அழுத்திக் கேட்டால், உறுதியும் குறைந்த விலையும் ஒரே உடையில் அமையும்.

எனவே கடையில் முதல் வேலையாக உடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். தையலின் இருபுறமும் பிடித்து மெல்ல இழுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தாலோ தையல் பல்லிளித்தாலோ அதைக் கீழே வைத்துவிடலாம். தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நூல் அளவுக்கு ஒட்ட வெட்டியிருந்தால் சில சலவைகளில் பிரிந்துவிடும். கோடு போட்ட சட்டையில் தோளிலும் பாக்கெட்டிலும் கோடுகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று கவனியுங்கள். அப்படிச் சேர்த்து வெட்டினால் துணி கூடுதலாகச் செலவாகும். அதற்கு மனம் வந்தவர் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் கவனமாகவே இருந்திருப்பார். டி-சர்ட்டின் பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். கடையிலேயே முறுக்கிக்கொண்டு நிற்பது வீட்டில் துவைத்த பிறகு நேராகப் போவதில்லை. பின்னல் துணியைக் கொஞ்சம் இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய அளவுக்குத் திரும்பாத துணி முழங்கையிலும் முழங்காலிலும் பை போலத் தொங்கும்.

ஜீன்ஸுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், உழைப்பாளிகளின் கால்சட்டையில் அடிக்கடி கிழிகிற பாக்கெட் முனைகளில் செம்பு ஆணி அடித்தார். அந்த உத்திக்கு அவரும் துணி வணிகர் லீவை ஸ்டிராஸும் 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள். எந்த இடத்தில் பாரம் விழுகிறதோ அந்த இடத்தைப் பலப்படுத்த வேண்டும் என்ற அந்த அறிவுதான் இன்றும் அளவுகோல். பாக்கெட் முனை, ஜிப்பின் அடிமுனை, கால்கள் சேரும் இடம் மூன்றையும் தடவிப் பாருங்கள். லேபிளில் எலாஸ்டேன் எத்தனை சதவீதம் என்றும் படியுங்கள். 1958இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நீட்சி இழை உடலுக்குச் சுகம் தருகிறது. ஆனால் சூடும் குளோரினும் அதைக் கெடுத்துவிடும். நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்றால் முழுப் பருத்தி டெனிமையே எடுக்கச் சொல்வேன்.

கேள்வி: ‘மூங்கில் துணி, முற்றிலும் இயற்கை’ என்று விற்கிறார்கள். பருத்தியைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாமா?

பதில்: இயற்கை என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சந்தையில் கிடைக்கும் மூங்கில் துணிகளில் மிகப் பெரும்பாலானவை விஸ்கோஸ்தான். மரக்கூழையோ மூங்கில் கூழையோ ரசாயனங்களில் கரைத்து, நுண்துளைகள் வழியே பீய்ச்சி இழையாக்குகிற முறை அது. 1892இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. அதில் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடு, ஆலைத் தொழிலாளர்களின் நரம்பு மண்டலத்தையே பாதிக்கக்கூடிய நஞ்சு. கூழ் மூங்கிலிலிருந்து வந்தாலும் மரத்திலிருந்து வந்தாலும் கடைசியில் கிடைப்பது அதே இழை. அமெரிக்காவில் இத்தகைய விளம்பரங்கள் மீது 2009 முதல் நடவடிக்கை எடுத்து, ‘மூங்கிலிலிருந்து செய்த ரேயான்’ (விஸ்கோஸும் ஒரு வகை ரேயான்தான்) என்றே லேபிளில் எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள்.

துணி மென்மையானது, வியர்வையை உறிஞ்சும், சாயம் நன்றாகப் பிடிக்கும். இவை பிடித்திருந்தால் விஸ்கோஸ் விலைக்கு வாங்குங்கள். நனைந்த நிலையில் அது பலவீனமாகிவிடும், முறுக்கிப் பிழிய வேண்டாம். இதே வகையில் சற்று நல்லது வேண்டுமென்றால் லேபிளில் ‘லையோசெல்’ என்று தேடுங்கள். அதன் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டு மறுபடியும் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: புதிய வேலையில் சேரப் போகிறேன். அங்கே எல்லோரும் பெயர் பெற்ற நிறுவனங்களின் உடைகளையே அணிகிறார்கள். தவணையில் வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: தவணையில் வேண்டவே வேண்டாம். உடை பழசான பிறகும் கடன் மிச்சமிருக்கும்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. உடையைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் மிகப் பழையது. ஒரு காலத்தில் அதற்குச் சட்டமே இருந்தது. இங்கிலாந்தில் நான்காம் எட்வர்ட் ஆட்சியில் 1463இல் வந்த சட்டம், பிரபுக்களுக்குக் கீழே உள்ளவர்கள் ஊதாப் பட்டு அணிவதைத் தடுத்தது. மத்தியதரைக் கடல் நத்தைகளிலிருந்து எடுத்த ஊதாச் சாயம்தான் பழங்காலத்தில் அதிகாரத்தின் நிறம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து அந்தச் சாயத்தைப் பிரித்தெடுத்தபோது கிடைத்தது 1.4 கிராம். 1793இல் புரட்சி பிரான்ஸ், அவரவர் பாலினத்துக்குரிய எந்த உடையையும் யாரும் அணியலாம் என்று சட்டம் இயற்றியது. 1856இல் 18 வயது வில்லியம் பெர்க்கின், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு மலேரியா மருந்தான குவினைனைச் செய்ய முயன்றபோது ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன்பிறகு நிறத்தை வைத்து அந்தஸ்தைக் காட்ட முடியவில்லை. அந்த வேலையை இன்று மார்பில் தைத்த சின்னம் செய்கிறது. சட்டம் எதுவும் வற்புறுத்தாமல், நாமே காசு கொடுத்து அதை அணிகிறோம். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

அதிக விலை கொடுத்தால் தைத்தவருக்காவது நல்ல கூலி போகும் என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டதால் கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே வரச் செய்தார்கள். அங்கே தைக்கப்பட்டவற்றில் உலகறிந்த பெயர்களின் உடைகளும் இருந்தன. விலைச்சீட்டை மட்டும் பார்த்து அதைத் தைத்தவரின் நிலையைச் சொல்லிவிட முடியாது. எங்கே தைக்கப்பட்டது என்று தொழிற்சாலைப் பட்டியலை வெளியிடும் நிறுவனங்களை நம்புவதில் ஓரளவு நியாயம் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: அடர் நிறத்தில் இரண்டு கால்சட்டைகள், வெளிர் நிறத்தில் சில சட்டைகள். எல்லாம் எல்லாவற்றோடும் சேரும்படி எடுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல தையல்காரரிடம் தோளையும் நீளத்தையும் உங்கள் உடலுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். உடலுக்குப் பொருந்திய சாதாரணச் சட்டை, பொருந்தாத விலையுயர்ந்த சட்டையைவிடத் தோற்றத்தில் எப்போதும் ஒரு படி மேல்.

கேள்வி: பெண்களின் உடைகளில் பாக்கெட் ஏன் இருப்பதில்லை? இருந்தாலும் வெறும் மடிப்பாக ஏன் தைக்கிறார்கள்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பெண்கள் பாவாடைக்கு உள்ளே இடுப்பில் தனிப் பையைக் கட்டி, பக்கத் திறப்பு வழியே கைவிட்டு எடுத்தார்கள். பெரிய, பயனுள்ள பைகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடை மெலிந்து உடலோடு ஒட்டியதும் அந்தப் பை மறைந்தது. கையில் தொங்கும் சிறு பை வந்தது. இன்று பாக்கெட்டை விட்டுவிட்டால் தயாரிப்பாளருக்குத் துணியும் தையலும் மிச்சம், கைப்பையும் விற்கும்.

வாங்கும்முன் கையை விட்டுப் பாருங்கள். கோட், ஜாக்கெட்டுகளில் வடிவம் குலையாமல் இருக்க, உண்மையான பாக்கெட்டின் வாயையே தளர்வான நூலால் மூடி அனுப்புவார்கள். உட்புறம் தடவினால் பைத்துணி தட்டுப்படும். இருந்தால் வீட்டுக்கு வந்து அந்த நூலை மட்டும் கவனமாகப் பிரித்துவிடுங்கள். தட்டுப்படவில்லை என்றால் அது வெறும் அலங்காரம். அப்போது பக்கத் தையலில் பாக்கெட் வைக்க முடியுமா என்று தையல்காரரைக் கேளுங்கள். தளர்வான பாவாடையிலும் கவுனிலும் அது எளிய வேலைதான்.