வாங்கும் முன் கேளுங்கள்: ஜிகினாப் பொட்டும் ஒரு துண்டுதானாம்!

மார்கழி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடும். மிக்சியும் இன்வெர்ட்டரும் பின்னால் போய், காகிதமும் கத்தரிக்கோலும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை, அடுத்து பொங்கல், வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்யலாம் என்று ஆசை. நல்ல ஆசைதான். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார், அதில் மூன்று பக்கம் மருமகளைப் பற்றி.

பேத்திக்காக அட்டை செய்யும் ‘கிட்’ ஒன்றை இணையத்தில் 899 ரூபாய்க்கு வாங்கினேன். ‘300 துண்டுகள்’ என்று போட்டிருந்தது. பெட்டியைத் திறந்தால் மடித்த அட்டை பத்து, வெட்டிய பூ நாற்பது, ஒட்டும் முத்து ஐம்பது. மிச்சம் இருநூறும் ஜிகினாப் பொட்டு. ஏமாந்துவிட்டேனா அம்மா? – முத்தியால்பேட்டை வாசகி

ஆமாம். ஆனால் நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களே, அதற்காகவே உங்கள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். நான் இரண்டு வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு பெட்டியை வாங்கி, எண்ணாமலே அலமாரியில் வைத்தேன். போன மழையில் முத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கற்கண்டுக் கட்டி மாதிரி ஆனபோதுதான் வெளியே எடுத்தேன்.

இந்தத் ‘துண்டு’ கணக்கு எனக்கு வெகுநாள் எரிச்சல். அரிசி விற்பவன் மணியை எண்ணி ‘ஐம்பதாயிரம் துண்டுகள்’ என்று விற்றால் விடுவோமா? காகிதம் என்றால் எத்தனை தாள், என்ன அளவு, எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் எடைக் கணக்கு) என்ற மூன்றைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் விலை உறைக்கும் என்பதால் பொட்டை எண்ணுகிறார்கள். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவே தனிப் புகார்.

இப்போது செய்ய வேண்டியது: விற்பனைப் பக்கத்தில் உள்ள படத்தையும், பெட்டிக்குள் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் முப்பது அட்டை விரித்து வைத்திருந்து, உள்ளே பத்துதான் என்றால் அது தவறான விளம்பரம். முதலில் விற்றவருக்கே எழுத்தில் கேளுங்கள், திருப்பி அனுப்பும் நாள் தாண்டுவதற்குள். மசியவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

பேத்திக்கு? வட்டம், சதுரம், முக்கோணம். இவ்வளவுதான் வேண்டும். என் மாமியாரின் கண்ணாடி வளையலை வைத்துத்தான் எங்கள் வீட்டில் வட்டம் வரைவோம். சின்ன வட்டத்துக்கு மருந்து பாட்டில் மூடி, பெரிய வட்டத்துக்கு எவர்சில்வர் டம்ளர். வட்டத்தின் தலையைக் கொஞ்சம் நறுக்கி, மேலே ஒரு பட்டையை வைத்தால் பொங்கல் பானை. அரை வட்டம் சூரியன். நீளப் பட்டையில் பேனாவால் நாலு கணு போட்டு, உச்சியில் கூரான முக்கோணங்களைச் செருகினால் கரும்பு. தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் மட்டும் வளைத்து வெட்டினால் இதயம். நாலு இதயத்தின் கூர்முனைகளை நடுவில் சேர்த்தால் பூ, இரண்டு என்றால் வண்ணத்துப்பூச்சி. கலர் தாளும் அட்டையும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீதிக் காசுக்குப் பேத்தியோடு பீச்சுக்குப் போய்ச் சுண்டல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

எட்டு வயது மகள் கேட்கிறாள் என்று, வடிவங்களை வெட்டும் கைமெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்பதாயிரம் ரூபாய். வாங்கலாமா? – லாஸ்பேட்டை வாசகர்

வேண்டாம்.

நான் செய்யும் அட்டை நிற்கவே மாட்டேன் என்கிறது, மடிப்பில் விரிசல் விடுகிறது. கடைக்காரர் ‘நல்ல சார்ட்’ என்றுதான் கொடுத்தார். – திருப்பாதிரிப்புலியூர் வாசகி

கடைக்காரருக்கு எல்லாமே நல்ல சார்ட்தான். நீங்கள் ஜி.எஸ்.எம். கேட்டிருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 வரை. அட்டை தானாக நிற்க வேண்டுமென்றால் 220க்குக் குறையாமல் வாங்குங்கள், 250 என்றால் நிம்மதி. ஸ்டேஷனரி கடையில் கிடைக்காவிட்டால், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் ‘ஐவரி போர்டு’ என்று கேளுங்கள். அங்கே ஓரம் வெட்டிப் போட்ட பட்டைகளைச் சும்மாவே அள்ளிக் கொடுப்பார்கள். கரும்புக்கும் பானைக் கழுத்துக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்?

விரிசலுக்குக் காரணம் வேறு. மெஷினில் செய்த தாளுக்கு மரத்துக்கு இருப்பது போல நார் ஓட்டம் உண்டு. தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளையும் வாக்கில் மடிப்பு வர வேண்டும். மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிடுங்கள். அப்புறம், ஏ4 தாளைப் பாதியாக வெட்டி அதை மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டர் அட்டை வரும். 114க்கு 162 உறை அதற்குக் கச்சிதம். அட்டையைச் செய்து முடித்துவிட்டு உறைக்காக அலைகிறவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பேராவது எனக்கு எழுதுகிறார்கள்.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய சிவப்புத் தாள் பசை பட்டதும் சாயம் விடுகிறது. பில் இல்லை, கடை எது என்றும் ஞாபகமில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? – நெல்லிக்குப்பம் வாசகர்

பில்லும் இல்லை, கடையும் தெரியாது. நான் யாரிடம் போய்க் கேட்பது? அடுத்த முறை ஈர விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இருக்கிற தாளுக்கு வெள்ளைப் பசையை விட்டுவிட்டு ஒட்டுக் குச்சியையோ இரட்டைப் பக்க டேப்பையோ பயன்படுத்துங்கள். ஈரம் பட்டால்தானே சாயம் விடும்.

‘வீட்டிலிருந்தே வாழ்த்து அட்டை செய்யும் வேலை’ என்று போஸ்டர் பார்த்துப் போனேன். பயிற்சிக்கும் பொருளுக்கும் சேர்த்து 6,500 ரூபாய் வாங்கினார்கள். நூறு அட்டை செய்து கொடுத்தால் ஒன்றுக்கு 15 ரூபாய் என்றார்கள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்து கொண்டுபோனேன். ‘ஓரம் சரியில்லை’ என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். இப்போது போனை எடுப்பதில்லை. என் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. – செம்மண்டலம் வாசகி

அம்மா, முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். தப்பு செய்தது நீங்கள் இல்லை. நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம் நேர்க்கோடாக இருக்கிறது. ஓரத்தில் ஒரு குறையும் இல்லை, அவர்கள் எண்ணத்தில்தான் குறை. இந்த வியாபாரத்தில் அட்டையை யாரும் வாங்குவதே கிடையாது. உங்கள் 6,500தான் அவர்களுக்குச் சரக்கு. எவ்வளவு அழகாகச் செய்து போனாலும் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் தள்ளுவார்கள்.

‘நான் சம்பாதிக்கத்தானே பணம் கட்டினேன், நுகர்வோர் சட்டம் எனக்கு வருமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். சொந்தக் கையுழைப்பில் பிழைப்பதற்காக மட்டும் வாங்கும் பொருளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகம் என்று ஒதுக்குவதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. உங்கள் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

அதற்குமுன் மூன்று வேலை. போஸ்டர் இன்னும் சுவரில் இருந்தால் உடனே படம் எடுங்கள், மழையில் போய்விடும். ஜிபேயில் பணம் போன பக்கத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் சேமியுங்கள், ‘ஓரம் சரியில்லை’ என்று எழுதியது உட்பட. பிறகு, 15 நாளில் பணம் வேண்டும் என்று கேட்டு அவர்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு கடிதம், ரசீதோடு. அந்தத் தெருவில் உங்களைப் போல ஏமாந்தவர்கள் இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள். தேடிப் பிடித்துச் சேர்ந்து போய்க் காவல் நிலையத்திலும் மோசடிப் புகார் கொடுங்கள். எனக்கு மறுபடியும் எழுதுங்கள், என்ன நடந்தாலும்.

அந்த நூறு அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் விற்பதாக இருந்தால் இருபது எனக்கு வேண்டும்.

விருத்தாசலத்தில் இருக்கும் அத்தைக்கு ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி நானே செய்த அட்டையை அனுப்பினேன். தபால்காரர் அத்தையிடம் பத்து ரூபாய் வாங்கிவிட்டார். இது நியாயமா? – அரியாங்குப்பம் வாசகி

நியாயம்தான். ஐந்து ரூபாய் 20 கிராம் வரைக்கும். உங்கள் அட்டையில் மூன்று அடுக்கு ஒட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 250 ஜி.எஸ்.எம். என்றால் அட்டை மட்டும் எட்டு கிராம் பக்கம், ஒவ்வொரு முழு அடுக்குக்கும் நாலு கிராம், உறை வேறு. இருபதைத் தாண்டிவிட்டது. குறைந்த ஐந்து ரூபாயை இரண்டு மடங்காக வாங்கியிருக்கிறார். அத்தைக்கு அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை கவுன்டரில் எடை போட்டபின் ஸ்டாம்ப் ஒட்டுங்கள்.

கைத்தாள் என்று சொல்லி விற்கும் அட்டைகளில் எது நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வில்லியனூர் வாசகர்

பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? அரவிந்தர் ஆசிரமம் 1959இல் ஆரம்பித்த கைத்தாள் ஆலை எஸ்.வி. பட்டேல் சாலையில்தானே இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்த தாளைக் கையில் தொட்டுப் பார்த்தால், பிறகு ஒரு கடைக்காரர் பேச்சும் எடுபடாது. கைத்தாளுக்கு நாலு ஓரமும் சொரசொரவென்று இருக்கும். ஒரு ஓரத்தை மட்டும் கிழித்து அழகுபடுத்தியிருந்தால் சந்தேகப்படுங்கள். நீளவாக்கில் கிழித்தாலும் குறுக்கே கிழித்தாலும் அநேகமாக ஒரே மாதிரி கிழியும். எனக்கு இது தெரியாத காலத்தில், கோயில் வாசல் கடை ஒன்றில் பூவிதழ் பதித்த ‘கைத்தாள்’ பன்னிரண்டு வாங்கினேன். இதழ் பதித்ததல்ல, அச்சடித்தது. பன்னிரண்டிலும் அதே இடத்தில் அதே இதழ்.

போன தடவை, ‘காகிதம் வெட்ட ஐம்பது ரூபாய்க் கத்தரிக்கோல் போதும்’ என்று எழுதினீர்கள். நம்பி வாங்கினேன். ஒரே வாரத்தில் ஆடுகிறது. பானை வெட்டினால் பூசணிக்காய் வருகிறது. – கடலூர் முதுநகர் வாசகி

மன்னிக்க வேண்டும், அரைகுறையாகச் சொல்லிவிட்டேன். நடுவில் திருகாணி வைத்ததா, ரிவிட் அடித்ததா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்க வேண்டும். திருகாணி என்றால் தளர்ந்ததும் வீட்டிலேயே இறுக்கிக்கொள்ளலாம், ரிவிட் ஆட ஆரம்பித்தால் அவ்வளவுதான். கடையில் ஒரு தாள் வாங்கி நுனி வரை வெட்டிப் பாருங்கள், நுனியில் மடங்காமல் வெட்ட வேண்டும். பில் இருக்கிறதா? பில்லில் வேறு கெடு போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தாலும் போய்க் கேளுங்கள். கடைக்காரர் சண்டைக்கு வந்தால், எழுதியது நான்தான் என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.