கடற்கரையில் வெறுங்காலோடு ஓடினால் குதிக்கால் ஏன் நோகிறது?

"மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் வெறுங்காலோடு ஓடத் தொடங்கினேன். காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் குத்துகிறது. சப்பாத்து வாங்குவதா, ஓட்டத்தை விடுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்டத்தை விட வேண்டாம் தம்பி. மணலைத்தான் கொஞ்ச நாளைக்கு விட வேண்டும்.

மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். புதையும் மணலில் ஒவ்வோர் அடியிலும் குதி கீழே இறங்கிவிடும். அதை மேலே எடுக்கும் வேலை கெண்டைக்காலுக்கும், குதிக்கு மேலே உள்ள நரம்பு போன்ற நாணுக்கும், உள்ளங்காலில் குதியிலிருந்து விரல்கள் வரை போகும் தடித்த சவ்வுக்கும் வந்து சேர்கிறது. அந்தச் சவ்வு குதியெலும்பில் ஒட்டும் இடம் நொந்துபோனால்தான் இந்தக் காலைக்குத்து வரும். இரவு முழுக்க இறுகிக் கிடந்தது முதல் அடியில் இழுபடுகிறது, கொஞ்சம் நடந்ததும் தணிகிறது. சரி, தண்ணீர் ஓரத்து இறுகின மணலில் ஓடலாமே என்றால், நம்மட கடலில் வற்றுப்பெருக்கு குறைவு. அந்த ஈரப்பட்டை ஒடுக்கம், சரிவும் கூட. ஒரு கால் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் விழுந்துகொண்டே போகும். குதி ஆறும்வரை தட்டையான புல்தரையோ, வாவிக்கரைப் பக்கத் தார் வீதியோ பாருங்கள். வெள்ளாப்பில் போனால் வெயிலும் இல்லை, வாகனமும் குறைவு.

வெறுங்கால் கெட்டது என்று சொல்ல வரவில்லை. எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலோடு வென்றார், 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டும் வென்றார். அவருடையது பழகின கால். நீங்கள் நோவு போன பிறகு, ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் வெறுங்காலில் ஓடி, வாரக்கணக்கில் கூட்டுங்கள். மணலில் உடைந்த போத்தல் துண்டும் மீன்முள்ளும் கிடக்கும், பார்த்து. சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலில் ஓடவே வேண்டாம். காலில் உணர்வு குறைந்திருந்தால் வெட்டுப்பட்டதே தெரியாது.

கட்டிலை விட்டு இறங்குமுன் பெருவிரலைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். பிறகு படிக்கட்டு விளிம்பில், விரல்களுக்கடியில் சுருட்டின துவாயை வைத்து, ஒற்றைக்காலில் குதியைத் தூக்கி இறக்குங்கள். ஏற மூன்று விநாடி, மேலே இரண்டு, இறங்க மூன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். குணமாக மாதங்கள் எடுக்கலாம், இடையில் விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் செலவில்லாத வைத்தியம் கிடையாது.

சப்பாத்து வாங்குவதென்றால் பின்னேரம் போங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் மேசோடு போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள்.

மாரி வந்தால் வேறு தொல்லை. நனைந்த சப்பாத்துக்குள் பேப்பர் திணித்துக் காயவையுங்கள். விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தாவிட்டால் தோல் வெளுத்து உரிந்து சேற்றுப்புண் வரும். பாமசியில் பூஞ்சையைக் கொல்லும் களிம்பு கிடைக்கும். அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை பூசுங்கள். காலில் காயம் இருக்கும்போது வெள்ளத்தில் ஓட வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

ஒன்று மட்டும் கவனம். எலும்பில் ஒரே புள்ளியில் நோவு, ஒற்றைக்காலில் துள்ளினால் கூடுகிறது, ஓய்விலும் விடவில்லை என்றால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். எலும்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் முதல் வாரங்களில் எக்ஸ்றேயில் தெரியாமல் போகலாம். படத்தில் ஒன்றும் இல்லை என்றாலும், நோவு நிற்கும்வரை ஓடாமல் இருந்து, மறுபடி காட்டுங்கள்.