கட்டியங்காரன் வாய் மூடிய இடம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் 14 வயது மகளையும் அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போய் அந்த நகைச்சுவைப் படத்தைப் பார்த்தேன். அதில் நடித்திருப்பவருக்கு நான் பல வருட ரசிகன். டிரெய்லரை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

இடைவேளைக்குச் சற்று முன்பு ஒரு காட்சி. ஓடும் பஸ்ஸில் ஒரு குடிகாரன் ஒரு பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறான். அவள் விடவில்லை. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி யார் மடியிலாவது விழுகிறாள். பின்னணியில் கோமாளி இசை. தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் என் மகள் சிரிக்கவில்லை. தன் துப்பட்டாவின் முனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். குடியாத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அந்தப் பிடியை அவள் தளர்த்தவில்லை.

நண்பரிடம் சொன்னேன். “அதிகமாக எதிர்பார்த்துப் போனாய், அதுதான் கோளாறு. நம் ஊர்த் தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் பேசாத பச்சையா?” என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. யு/ஏ சான்றிதழ்தானே என்று நம்பிப் போனேன். இதற்கெல்லாம் எப்படி அனுமதி கொடுக்கிறார்கள்? இந்தப் படத்தைத் தடை செய்ய வேண்டாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து திரும்பத் திரும்பப் படித்தேன். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்தக் காட்சியில் எனக்கும் வயிறு எரிந்தது.

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். யு/ஏ என்பது இப்போது ஒரே பிரிவு அல்ல. 2023-ல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, 2024-ல் வந்த விதிகளின்படி அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். எதுவானாலும் அது பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கைதான். உங்கள் மகளைத் தியேட்டர் வாசலில் யாரும் நிறுத்தமாட்டார்கள். ‘ஏ’ படத்துக்கு மட்டும்தான் 18 வயது நிரம்பாதவர்களை உள்ளே விடக்கூடாது. அடுத்த முறை அந்த எண்ணையும் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஆனால் அந்த எண் உங்களைக் காப்பாற்றியிருக்காது. அந்தக் காட்சியில் ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அங்கே இருந்தது இசை மட்டுமே.

நண்பர் கூத்தை இழுத்தாரே, அதற்குத்தான் நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆற்காட்டுக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவன் நான். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. 1989-ல் வடாற்காடு மாவட்டம் பிரிந்தபோது புரிசை முதலான கூத்து ஊர்கள் பல திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டன. ஜமா என்று நாங்கள் சொல்லும் கூத்துக் குழுக்களுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

கட்டியங்காரன் பச்சையாகப் பேசுவான். அதில் உங்கள் நண்பர் சொன்னது முழு உண்மை. என் பாட்டி வெற்றிலைச் சாறு வழியச் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியுமாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றால், “இவ்வளவு பாரத்தைத் தூக்குகிறாயே, உன் வீட்டில் மாடு இல்லையா?” என்று கேட்பான். எதிரில் நிற்பது ராஜா என்ற அச்சமே இருக்காது. தன்னையும் விட்டுவைக்க மாட்டான். தொல்காப்பியம் நகைச்சுவை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலை முதலில் வைக்கிறது. அதற்கு உரை சொன்ன, பேராசிரியர் என்ற பெயர்கொண்ட பழைய உரையாசிரியர், பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது இன்னொன்று என்று இரண்டாகப் பிரிப்பார். கட்டியங்காரனுக்கு இரண்டும் கைவந்தவை.

ஆனால் சூதாட்டத்தையும் திரௌபதியின் துகிலுரிதலையும் காட்டும் ‘பகடை துகில்’ கூத்து நடந்த இரவை உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். அப்போது எனக்கு 12 வயது இருக்கும். சூதாட்டம் முடியும்வரை கட்டியங்காரன் சகுனியை ஓட ஓட விரட்டிக் கேலி செய்தான். பிறகு திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். புடவையில் கை வைப்பதற்கு முன் துச்சாதன வேஷக்காரர் அப்படியே நின்றார். முகவீணைக் குழலின் ஓசை நின்றது. கற்பூரம் ஏற்றினார்கள். அவ்வளவு நேரம் மீசையை முறுக்கிக் கர்ஜித்தவர், அம்மன் இருந்த திசையில் கைகூப்பி, “தாயே, வேஷத்துக்காகச் செய்கிறேன், பொறுத்துக்கொள்” என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, கட்டியங்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தன் கூம்புக் குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹார்மோனியத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். முகப்பூச்சில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. துகில் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டியின் இரண்டு கையும் குவிந்திருந்தன.

இதைத்தான் அந்தப் படம் செய்யவில்லை. ஒரு பெண்ணின் துணியை ஒருவன் இழுக்கும் இடத்துக்கு வந்ததும் நம் ஊர்க் கோமாளி குல்லாயைக் கழற்றினான். இவர்கள் அதே இடத்தில் கோமாளி இசையைக் கூட்டினார்கள். கூச்சமில்லாத நகைச்சுவைக்கு நான் எதிரி அல்ல, எங்கள் மண்ணில் அது விளைந்தே கிடக்கிறது. எங்கே வாயை மூட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. எழுத்துக்கூட அறியாத வேஷக்காரர்களுக்குத் தெரிந்த இந்த விஷயம், இத்தனை பணமும் ஆளும் வைத்துப் படம் எடுப்பவர்களுக்குத் தெரியவில்லை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எதிர்பார்ப்பு குற்றமல்ல. பல வருடம் நம்மைச் சிரிக்கவைத்த ஒருவரை நம்பிப் போனீர்கள், அந்த நம்பிக்கைக்கு அவர்தான் கடன்பட்டவர். தடை கேட்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று இதைத் தடுக்கும் கை, ராஜாவைக் கேலி செய்யும் கட்டியங்காரனைத்தான் நாளை முதலில் தடுக்கும். அதைவிட அந்த நடிகருக்கும் இயக்குநருக்கும் எழுதுங்கள். எனக்கு எழுதியதில் பாதியை எழுதினால்கூடப் போதும், துப்பட்டா முனையைப் பற்றிய அந்த மூன்று வரிகள் மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

நீங்கள் சிரித்ததை மறைக்காமல் எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன். தியேட்டரில் முந்நூறு பேர் சிரிக்கும்போது நம் வாயும் தானாகத் திறந்துவிடும், யோசனை பிறகுதான் வரும். ஆனால் கடிதம் முழுவதும் தேடினேன். மகளிடம் இதைப் பற்றிப் பேசியதாக ஒரு வரிகூட இல்லை. அவள் படத்தைப் பார்த்ததோடு, பக்கத்தில் அப்பா சிரித்ததையும் பார்த்திருக்கிறாள். இன்று கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும், “நான் சிரித்திருக்கக் கூடாது, அம்மா” என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் பதில் பேசாவிட்டாலும் பரவாயில்லை, வற்புறுத்தாதீர்கள்.