பாஸ் லூரில் முள் மாற்றுவது: கேள்வி பதில்

டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் பல வருடமாகப் பாஸ் மீன் பிடிக்கிறேன். லூரில், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரையில், தூண்டில் முள் மாற்றுவது பற்றி தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். ராட் (தூண்டில் கம்பு), ரீல் (நரம்பு சுற்றும் உருளை), படகு பற்றிய கேள்விகளை இந்தமுறை எடுக்கவில்லை.

பிளேனோ: அண்ணா, புது கிராங்க்பெயிட்டோடு (இழுத்தால் ஆடிக்கொண்டே முங்கும் லூர்) வந்த முள்ளை மாற்றியே ஆகணுமா?

அவசியமில்லை. முள்முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாகச் சாய்த்து இழுத்துப் பாருங்கள். நகத்தில் குத்தி நின்றால் நல்ல முள். வழுக்கிக்கொண்டு போனால் மாற்றுங்கள். கிராங்க்பெயிட் கல்லிலும் கட்டையிலும் இடித்துக்கொண்டே வரும் லூர், ஒரே நாளில்கூட முனை மழுங்கிவிடும். ஒவ்வொரு தடவை கரையேறும்போதும் நகத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஆஸ்டின்: ஜெர்க்பெயிட்டில் (வெட்டி வெட்டி இழுத்து நிறுத்தும் ஒல்லியான லூர்) முள் மாற்றினேன். முன்பு நிறுத்தினால் நின்ற இடத்திலேயே மிதக்கும். இப்போது வால் பக்கமாகக் கீழே போகிறது. லூர் கெட்டுப்போச்சா?

லூர் கெடவில்லை, எடை மாறிவிட்டது. எல்லோருக்கும் நான் சொல்ல நினைப்பதும் இதுதான். முள்ளும் லூரின் உடம்பில் ஒரு பாகம். செய்தவர்கள் அந்த முள்ளின் எடையையும் சேர்த்துத்தான் லூரைச் சமன் செய்திருப்பார்கள். கம்பி தடித்த முள்ளைப் பின்னால் மாட்டினால் வால் இறங்கும், முன்னால் மாட்டினால் மூக்கு இறங்கும்.

பழைய முள்ளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசில் அதையும் புதியதையும் வைத்துப் பாருங்கள். ஒரே நம்பர் முள்கூட கம்பெனிக்குக் கம்பெனி எடை வேறுபடும். பழையதன் எடைக்குப் பக்கத்தில் வருவதை வாங்குங்கள். லூர் மேலே எழும்பினால், முன் முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக்கம்பியை இரண்டு மூன்று சுற்று சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிச் சரிசெய்யலாம்.

முள் மாற்றிய லூர் சமனாக நிற்கிறதா என்று வாளித் தண்ணீரில் போட்டுச் சோதிக்கும்போது பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. குளிர்ந்த தண்ணீர் அடர்த்தி கூடியது. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் அசையாமல் நிற்கும் லூர் பிப்ரவரி ஏரியில் மெல்ல மேலே வரும். ஏரி 50 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் ஐஸ் போட்டு வாளியையும் அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கட்டுகிற நரம்பையும், லூரை அதில் மாட்டும் கிளிப்பையும் சேர்த்தே சோதியுங்கள், அவற்றுக்கும் எடை உண்டு.

இர்விங்: முள்ளை லூரோடு சேர்க்கும் ஸ்பிலிட் ரிங்கைத் திறப்பதற்குள் நகம் பிய்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

நகத்தால் திறக்கவே வேண்டாம். ஒரு முனையில் சின்னப் பல் வைத்த ஸ்பிலிட் ரிங் பிளையர் விற்கிறது. விலை அதிகமில்லை. அந்தப் பல்லை ரிங்கின் இரண்டு சுற்றுக்கும் நடுவில் கொடுத்து அழுத்தினால் வாய் திறக்கும். பழைய முள்ளை முதலில் கழற்றாதீர்கள். திறந்த வாயில் புது முள்ளின் கண்ணை நுழைத்து, ரிங்கைச் சுற்றிக்கொண்டே போனால், புதியது உள்ளே வர வர பழையது மறுபக்கம் வெளியே வந்துவிடும். ஒரே திறப்பில் வேலை முடியும், ரிங்கும் வளையாது. வளைந்த ரிங்கைத் திரும்ப மாட்டாதீர்கள்.

முக்கியமானது: கைவைக்காத மற்ற முட்களை டேப் சுற்றி மூடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிளையர் வழுக்கினால் லூர் முகத்தை நோக்கித்தான் தெறிக்கும்.

கேட்டி: நம்பர் 6 முள் தேய்ந்துபோச்சு. நம்பர் 4 போடலாமா சார்?

4 என்பது 6-ஐவிடப் பெரியது. 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். அதற்குமேல் 1/0, 2/0 என்று எண்ணோடு சேர்ந்து வளரும். போடலாம், ஆனால் இரண்டு முட்களையும் ஒன்றை நோக்கி ஒன்றை நீட்டிப் பாருங்கள். தொட்டுக்கொண்டால் வீசும்போது சிக்கும். எடையையும் பாருங்கள்.

ஃபிரிஸ்கோ: நம்பர் 4-க்குப் பதில் 2 போடலாமா?

கேட்டி நண்பருக்குச் சொன்னதேதான்.

ரௌண்ட் ராக்: நம்பர் 5 ஓகேவா?

நம்பரை வைத்து மட்டும் என்னால் சொல்ல முடியாது. தராசில் போடுங்கள், வாளியில் போடுங்கள். இனி நம்பர் கேள்விகளுக்கெல்லாம் இதுவே பதில்.

ஹூஸ்டன்: ட்ரெபிளை (மூன்று முனை முள்) எடுத்துவிட்டு ஒற்றை முள் போடலாமா?

தாராளமாக. நானே பாதி லூர்களில் மாற்றிவிட்டேன். ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைத் திருப்பி விட்டே ஆகவேண்டும். இரண்டு ட்ரெபிளில் ஆறு முனை. ஒன்று வாயில் இருந்தால் இன்னொன்று கண்ணிலோ செவுளிலோ குத்தியிருக்கும். அந்த மீனை விட்டு என்ன பயன்?

சாதாரண முள் வாங்காதீர்கள். லூருக்கென்றே கண்ணைத் திருப்பி வைத்த இன்லைன் முள் வேண்டும், இல்லாவிட்டால் குறுக்காகத் தொங்கும். வயிற்று முள்ளின் முனை முன்னோக்கி, வால் முள்ளின் முனை மேல்நோக்கி. ஒற்றை முள் எடை குறைவு என்பதால் ஓரிரு அளவு பெரிதாகப் போட்டு எடையை ஈடுகட்டுங்கள்.

ஆஸ்டின் (ஜெர்க்பெயிட் கேட்டவரே): இதை நான் ஏற்கமாட்டேன் அண்ணா. குளிர்காலத்தில் பாஸ் லூரை விழுங்காது, இடித்துவிட்டுப் போகும். அப்போது ட்ரெபிள்தான் மாட்டும்.

குளிர்கால ஜெர்க்பெயிட்டுக்கு நீங்கள் சொல்வது சரி, அதில் நானும் ட்ரெபிளைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஹைட்ரில்லா பாசிமேல் இழுக்கும் ராட்டில்ட்ராப் மாதிரி கனமான லூரை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறும்போது லூரின் கனமே நெம்புகோலாகி முள்ளைப் பிடுங்கும். வாய் அகன்ற ஒற்றை முள் ஆழமாக இறங்குவதால் அங்கே நன்றாகப் பிடிக்கிறது. பாசியும் குறைவாக மாட்டும்.

ஆஸ்டின்: எனக்கு அதிலும் ஒற்றை முள்ளில் மீன் தப்புகிறது.

தடித்த முள்ளாக இருக்கும். மெல்லிய ராடில் அது இறங்காது. ராடை மாற்றுங்கள், அல்லது கம்பி மெலிந்த முள் போடுங்கள்.

பிளேனோ: நடுவில் வருகிறேன். ட்ரெபிளிலேயே பல்லை அழுத்திவிட்டால்?

நல்ல வழி. முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் அந்தச் சிறு பல்லைப் பிளையரால் தட்டையாக அழுத்துங்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் நிற்கும். கையில் குத்தினாலும் சுலபமாக வரும். பல் உள்ள முள் ஆழமாகப் போய்விட்டால் இழுக்காமல் டாக்டரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். கண்ணாடி போடச் சொன்னேன் அல்லவா, மறக்காதீர்கள்.

சென்னை: முட்டுக்காட்டில் கொடுவாவுக்கு பாஸ் லூர் ஆகுமா?

லூர் ஆகும், முள் ஆகாது. சீ பாஸ் என்று பெயர் இருந்தாலும் கொடுவா வேறு குடும்பம். அதன் தாடை மெல்லிய பாஸ் முள்ளை நசுக்கி நிமிர்த்திவிடும். 4எக்ஸ் என்று போட்டிருக்கும் தடித்த முள், அதற்கேற்ற ரிங் இரண்டும் மாற்றுங்கள். லூர் தாழும், வாளியில் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்பதால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மற்றதை முகத்துவாரத்தில் பிடிக்கிறவர்களிடம் கேட்பது நல்லது.

இர்விங்: கழற்றின பழைய முட்களை என்ன செய்வது?

மாத்திரை டப்பாவில் போட்டு, மூடியை டேப்பால் ஒட்டிக் குப்பையில் போடுங்கள். ஒன்றைக்கூட கரையில் விடாதீர்கள், அங்கே குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.