யூஸ்நெட் பத்தி கேளுங்கன்னேன், பாதி பேரு வரி பத்தி கேட்டுட்டீங்க

நான் மெட்ராஸ்ல ஒரு ஐ.எஸ்.பி.யோட, அதாவது இன்டர்நெட் கனெக்‌ஷன் குடுக்கற கம்பெனியோட, சர்வர் ரூம்ல வேல பாத்துட்டு இப்ப கடலூர் மஞ்சக்குப்பத்துல செட்டில் ஆனவன். ஆடிட்டர் கிடையாது, ஆனா யூஸ்நெட்ல நடந்த வரிச் சண்டைய வருஷக்கணக்கா உக்காந்து படிச்சவன். தெரிஞ்சதுக்கு மட்டும் பதில் சொல்றேன், கேட்டவங்க ஊர் பேர மட்டும் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

திருப்பாப்புலியூர்: யூஸ்நெட்டுன்னா என்ன சார்? வாட்ஸப் குரூப் மாதிரியா?

இல்லப்பா. வாட்ஸப்புக்கு ஒரு கம்பெனி ஓனர். இதுக்கு ஓனரே கிடையாது. 1979, 80ல அமெரிக்காவுல ட்யூக் யூனிவர்சிட்டி பசங்க ஆரம்பிச்சது. நீ உன் ஐ.எஸ்.பி. சர்வர்ல ஒரு மெசேஜ் போட்டா அது பக்கத்து சர்வருக்கு போகும், அது அடுத்ததுக்கு குடுக்கும், இப்படியே உலகம் பூரா ஒவ்வொரு சர்வர்லயும் ஒரு காப்பி உக்காந்துடும். தலைப்பு வாரியா குரூப்பு, கம்ப்யூட்டருக்கு காம்ப், சயின்ஸுக்கு சை, ஊர் கலாச்சாரத்துக்கு சாக், எதுலயும் அடங்காததுக்கு ஆல்ட்.

லாஸ்பேட்டை: அமெரிக்காவுல கவர்மெண்ட் தடை பண்ணதாலதான் ஐ.எஸ்.பி. எல்லாம் நிறுத்துனாங்களா?

இத எல்லாரும் இப்படியே சொல்றாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். தடையே கிடையாது. ஏ.ஓ.எல்.னு ஒரு பெரிய ஐ.எஸ்.பி. 2005லயே நிறுத்திடுச்சு, அப்ப யாரும் மிரட்டல. 2008 ஜூன்ல நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ, குழந்தைங்கள வச்சு எடுத்த ஆபாசப் படம் 88 குரூப்புல இருக்குன்னு கண்டுபிடிச்சு வெரைஸான், டைம் வார்னர் கேபிள், ஸ்பிரிண்ட்னு மூணு ஐ.எஸ்.பி.யையும் அத தடுக்கற ஒப்பந்தத்துக்கு கொண்டு வந்தாரு. மொத்தம் லட்சத்துக்கும் மேல குரூப்பு, அதுல 88. அந்த 88ஐ மட்டும் எடுத்திருக்கலாம்ல? ஸ்பிரிண்ட் ஆல்ட் பூராவும் தூக்குச்சு. டைம் வார்னர் யூஸ்நெட்டயே மூடிடுச்சு. வெரைஸான் முக்கியமான எட்டு பிரிவ மட்டும் வச்சுகிட்டு, 2009 செப்டம்பர்ல அதையும் மூடிடுச்சு. ஏ.டி.அண்ட்.டி. 2009 ஜூலை.

ஏன் இவ்ளோ அவசரம்னா, செலவு. சர்வர் ரூம்ல இருந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். யூஸ்நெட் மெசேஜ் வைக்கற சர்வருக்கு நியூஸ் சர்வர்னு பேரு, பழைய நியூஸ் சர்வர்ல ஒரு மெசேஜுக்கு ஒரு ஃபைல். டிஸ்க்ல இடம் பாதி காலியா இருக்கும், ஆனா ஒரு ஃபைலுக்கு ஒண்ணுன்னு டிஸ்க் வச்சிருக்கற ஐநோட்ங்கற பதிவு தீந்து போய் "இடம் இல்ல"ன்னு எர்ரர் அடிக்கும், புதுசா வந்தவன் டிஸ்க்கயே மாத்தணும்னு நிப்பான். ராத்திரி பழைய மெசேஜ அழிக்கிற ப்ரோக்ராம் ஓடி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும், அதுக்குள்ள புது மெசேஜ் வந்து ரொம்பிடும். இது வெறும் எழுத்து மட்டும் வந்தப்பவே. அப்புறம் படத்தையும் சினிமாவையும் எழுத்தா மாத்தி துண்டு துண்டா அனுப்ப ஆரம்பிச்சாங்க, அப்படி மாத்தினாலே சைஸ் மூணுல ஒரு பங்குக்கு மேல கூடும், அது ஒரு நாளைக்கே டெராபைட் கணக்குல வந்து கொட்டுச்சு, யூஸ் பண்றவன் நூத்துல ஒருத்தன் இருந்தா அதிசயம். எந்த மேனேஜரு தாங்குவான்? மூடறதுக்கு நல்ல சாக்கு தேடிட்டு இருந்தான், குவோமோ கையில குடுத்துட்டாரு. அவ்ளோதான்.

பொறந்த வீடும் தப்பல, ட்யூக் யூனிவர்சிட்டியே தன் சர்வர 2010 மே 20ல அணைச்சிடுச்சு.

நெல்லிக்குப்பம்: அதுல புதுப்படம் டவுன்லோட் பண்ணலாமாமே?

அடுத்த கேள்வி.

அரியாங்குப்பம்: இதெல்லாம் அமெரிக்கா கத, நமக்கு என்ன வந்துச்சு?

நல்லா கேட்டீங்கம்மா. ஐ.எஸ்.பி. இலவசமா குடுக்கற எதுவுமே நம்மளுது கிடையாது, இன்னிக்கு நியூஸ் சர்வர், நாளைக்கு மெயில். வெரைஸான் 2017ல மெயிலையும் விட்டுடுச்சு. நம்ம ஊர்லயும் இன்டர்நெட் கனெக்‌ஷனோட வந்த மெயில் ஐ.டி.ய பேங்க்ல, எல்.ஐ.சி.ல, இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல குடுத்து வச்சவங்க எத்தன பேரு தெரியுமா. என் மச்சான் ஒருத்தரு, ஒரு கம்பெனி குடுத்த மெயில்லதான் பான் கார்ட் சம்பந்தப்பட்டது எல்லாம் வச்சிருந்தாரு, கனெக்‌ஷன மாத்துனதும் மெயில் போச்சு, நோட்டீஸ் வந்ததே தெரியல. இன்னிக்கே போர்ட்டல்ல உள்ள போயி ப்ரொஃபைல்ல மெயிலையும் போன் நம்பரையும் பாருங்க. இத நான் திரும்பத் திரும்ப சொல்வேன், சலிச்சுக்காதீங்க.

விருத்தாசலம்: எந்த ஐ.எஸ்.பி. இப்ப யூஸ்நெட் குடுக்குது?

ஐ.எஸ்.பி.ய கேக்காதீங்க. எட்டர்னல் செப்டம்பர்னு ஒரு சர்வர், எழுத்து மட்டும், காசு கிடையாது. தண்டர்பேர்ட்ங்கற மெயில் சாஃப்ட்வேர போட்டுக்கோங்க, அதுலயே படிக்கலாம்.

கடலூர் ஓ.டி.: வரிக்குன்னு தனி குரூப்பே இருந்துச்சாம். என்னதான் சண்ட போட்டாங்க?

மிஸ்க்.டாக்ஸஸ். ஆஹா, அது ஒரு உலகம். அமெரிக்காவுல "இன்கம் டாக்ஸே சட்டவிரோதம்"னு ஒரு கூட்டம் உண்டு. அந்த வரிக்கு அதிகாரம் குடுத்த, அவங்க அரசியல் சட்டத்தோட 16ஆவது திருத்தம் செல்லாதும்பாங்க. 1913ல நிறைவேறுன அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் குடுத்த மாநிலத்துல ஒஹையோவும் ஒண்ணு, ஆனா ஒஹையோவ சேத்துகிட்டதா முறையா தீர்மானம் போட 1803லயே மறந்துட்டாங்களாம், 1953லதான் காங்கிரஸ் உக்காந்து பின்தேதியிட்டு போட்டுச்சாம், அப்ப 1913ல அது மாநிலமே இல்ல, அதனால வரி செல்லாது. கேக்க ஜோரா இருக்கும். ஆனா 48 மாநிலத்துல 36 போதும், 42 குடுத்துச்சு, ஒஹையோவ கழிச்சாலும் மிச்சம் இருக்கு. இந்த ஒத்த வரி பதில எவனாவது போடுவான், ஒரு மாசம் அமைதி, அப்புறம் புதுசா ஒருத்தன் வந்து "ஒஹையோ தெரியுமா"ன்னு ஆரம்பிப்பான்.

இன்னொண்ணு சீக் கேஸ். ஜான் சீக்னு ஒரு பைலட் வரி கட்டாம விட்டாரு, 1991ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், "கட்ட வேண்டாம்னு உண்மையிலேயே நம்பியிருந்தா அத ஜூரி பாக்கணும், ஆனா சட்டமே செல்லாதுன்னு நம்புனேங்கறது சால்ஜாப்பு"ன்னு திருப்பி அனுப்புச்சு. முத பாதிய மட்டும் படிச்சுட்டு ஜெயிச்சுட்டோம்னு குதிப்பாங்க. மறு விசாரணையில அவர் உள்ள போனத யாரும் சொல்ல மாட்டான்.

முத்தியால்பேட்டை: அதெல்லாம் இருக்கட்டும் சார், இங்க 12 லட்சம் தாண்டி ஒரு ரூபா வந்தாலும் அறுபதாயிரம் வரி. இதுக்கு பேரு நியாயமா?

தம்பி, ஒஹையோ நம்ம ஊருக்கே வந்துடுச்சு. புது முறையில 2025-26க்கு நாலு லட்சம் வரைக்கும் வரி இல்ல, அடுத்த நாலுக்கு அஞ்சு பர்சென்ட், அதுக்கடுத்த நாலுக்கு பத்து, அப்ப 12 லட்சத்துக்கு 60,000, அத 87ஏ பிரிவுல குடுக்கற வரிக் கழிவு தள்ளிடும். தாண்டுனா கழிவு போயிடும், சரிதான். ஆனா மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு இருக்கு. தாண்டுன தொகைக்கு மேல வரி வாங்க மாட்டான்.

முத்தியால்பேட்டை: கணக்கு போட்டு காட்டுங்க. எனக்கு சம்பளம் 12,75,000, இன்க்ரிமெண்ட் பத்தாயிரம்.

போடுறேன். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போக முன்னாடி 12,00,000, வரி சைபர். இப்ப 12,10,000. கணக்குப்படி 61,500. ரிலீஃப்ல 10,000 ஆயிடும். மேல செஸ் நாலு பர்சென்ட், 400. கட்ட வேண்டியது 10,400.

முத்தியால்பேட்டை: பாத்தீங்களா! பத்தாயிரம் வாங்கி 10,400 கட்டணும்னா எனக்கு நஷ்டந்தான?

400 ரூபா நஷ்டம். ஆமா. அறுபதாயிரம்னுதான் ஆரம்பிச்ச, 400ல வந்து நிக்கற. டிடக்‌ஷன் போக வருமானம் சுமாரா 12,70,000 தாண்டினா ரிலீஃபே தேவைப்படாது, அதுக்கு மேல சம்பளம் கூடினா கையிலயும் கூடும். இதுக்காக இன்க்ரிமெண்ட் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடாத.

பாகூர்: பாண்டிச்சேரிக்கு ஃபிரெஞ்சு ஒப்பந்தம் இருக்கு, இன்கம் டாக்ஸ் கம்மின்னு எங்க மாமா சொல்றாரு.

உங்க மாமா சிக்கிம குழப்பிக்கறாரு, அங்கதான் சிக்கிம்காரங்களுக்கு விலக்கு. பாண்டிக்கு 1963 ஏப்ரல்லயே நம்ம வருமான வரிச் சட்டம் வந்துடுச்சு. எல்லையில பாண்டி முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் கடலூர் ஆல்பேட்டைக்கு இந்தப் பக்கமும் ஒரே ஸ்லாப்.

பாகூர்: அப்ப பெட்ரோல் மட்டும் ஏன் கம்மி?

அது வேற வரி. பெட்ரோல், டீசல், குடிக்கற சரக்கு மூணுக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது, வாட் அந்தந்த அரசாங்கம் போடறது, பாண்டி கம்மியா போடுது. கடலூர்க்காரன் முள்ளோடை தாண்டி டேங்க ரொப்பிட்டு வர்றது அதனாலதான். சரக்கும் ரொப்பிட்டு வந்தா ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பேசிக்கோங்க, என்ன இழுக்காதீங்க.

முத்தியால்பேட்டை: 400 ரூபா நஷ்டம்னு நீங்களே ஒத்துகிட்டதால கேக்கறேன்...

போதும்பா. ஆடிட்டர போய் பாரு. அவருகிட்ட போகும்போது நெட்ல பழைய பதிவுல இருந்த செக்‌ஷன் நம்பர எடுத்துட்டு போகாத, 2026 ஏப்ரல் 1ல இருந்து புது 2025 வருமான வரிச் சட்டம், நம்பரெல்லாம் மாறிடுச்சு. போர்ட்டல்ல மெயில் ஐ.டி. பாத்தியா?

பண்ருட்டி: சார் இதுல படம் டவுன்லோட்...

மேல படிங்க.

சிதம்பரம்: ஐயா, சாக்.கல்ச்சர்.தமிழ் குரூப்புல எங்க சித்தப்பா அந்தக் காலத்துல எழுதுவாரு. அத இப்ப படிக்க முடியுமா?

முடியும். டெஜா நியூஸ்னு ஒரு கம்பெனி 1995ல இருந்து சேத்து வச்சது, 2001ல கூகுள் வாங்கிடுச்சு. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22ல இருந்து யூஸ்நெட்ல புதுசா எதையும் ஏத்தறதில்ல, பழசு தேடினா வரும். அப்ப கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்துக்கான யூனிகோட் புழக்கத்துக்கு வரல, தமிழையே பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிச்சாங்க, அதனால தமிழ்ல தேடாதீங்க, சித்தப்பாவோட பழைய மெயில் ஐ.டி. தெரிஞ்சா அத போட்டு தேடுங்க, இல்லன்னா அவர் பேர நாலஞ்சு விதமா இங்கிலீஷ்ல எழுதி பாருங்க. கிடைச்சதும் முத வேலையா உங்க கம்ப்யூட்டர்ல எறக்கி பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டுடுங்க. கூகுளும் இலவசமாத்தான் குடுக்கறான்.